செல்லுக்குத் தனிமத்தின் பெயர் தெரியாது

(உயிரியல் முதலாண்டு மாணவர்களுக்கான அறிமுகச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

உயிரியல் பாடநூலைத் திறந்தால் தொடக்கத்திலேயே வேதியியல் வந்து நிற்கும். அணு, தனிமம், ஐசோடோப்பு, அயனி, பிணைப்பு என்று இருபது முப்பது பக்கங்கள் ஓடும். செடியையும் விலங்கையும் படிக்க வந்த நமக்கு இது எதற்கு என்று பலர் வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். புரட்டாதவர்களும், மனித உடல் எடையில் ஆக்சிஜன் 65 விழுக்காடு, கார்பன் 18.5, ஹைட்ரஜன் 9.5, நைட்ரஜன் 3.3 என்ற பட்டியலை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்துவிடுகிறார்கள். பட்டியல் சரியானதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு உயிரைப் பற்றிய ஒரு கேள்விக்கும் விடை சொல்ல முடியாது. பொட்டாசியம் இருக்கும் இடத்தில் சோடியத்தை வைத்தால் ஏன் நரம்பு வேலை செய்யாது? ஆர்சனிக் ஏன் நஞ்சு? உணவில் வந்த கதிரியக்க ஸ்ட்ரான்ஷியம் ஏன் எலும்பில் போய் உட்காருகிறது? இவற்றுக்கெல்லாம் விடை தரும் ஒரு கருத்தை இன்று உங்கள் முன் வைக்கிறேன். ஒரு செல் எந்தத் தனிமத்தையும் தனிமமாக அறிவதில்லை. துகள் எவ்வளவு பெரியது, அதன் மின்சுமை என்ன, அது போடும் பிணைப்பு எவ்வளவு உறுதியானது என்ற மூன்றைத்தான் அது உணர்கிறது. உயிரியலுக்குத் தேவையான தொடக்க வேதியியல் முழுவதையும் இந்த ஒரு கூற்றைச் சோதிப்பதன் வழியாகவே கற்றுக்கொள்ளலாம் என்பது என் வாதம்.

அணுவின் அமைப்பிலிருந்தே தொடங்குவோம். அணுவின் நிறையில் 99.9 விழுக்காட்டுக்கும் மேல் நடுவிலுள்ள அணுக்கருவில் இருக்கிறது. ஆனால் அணுவின் விட்டம் அணுக்கருவின் விட்டத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது. அந்த வெளி முழுவதும் எலக்ட்ரான்களின் ஆட்சி. மெண்டலீவ் 1869இல் தனிம அட்டவணையை அமைத்தபோது அணு எடையை அடிப்படையாகக் கொண்டார். அப்படிப் பார்த்தால் அயோடின் டெல்லூரியத்துக்கு முன்னால் வரவேண்டும், ஏனெனில் அதன் அணு எடை சற்றுக் குறைவு. ஆனால் அயோடினின் குணம் குளோரினையும் புரோமினையும் ஒத்திருந்ததால் அவர் எடையை மீறி அதை அந்த வரிசையிலேயே வைத்தார். குணத்தை நம்பிய அவருடைய முடிவு சரியென்பதை 1913இல் ஹென்றி மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு காட்டினார்: தனிமத்தின் வரிசையைத் தீர்மானிப்பது அணுக்கருவின் மின்சுமை, அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை. புரோட்டான் எத்தனையோ அத்தனை எலக்ட்ரான். எலக்ட்ரான்களின் அடுக்கு எப்படியோ அப்படி வெளிக்கூடு. பக்கத்து அணுவோடு உறவாடுவது அந்த வெளிக்கூடு மட்டுமே. ஒரு புரதமோ என்சைமோ அணுக்கருவைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. அது தொடுவது எலக்ட்ரான் மேகத்தின் விளிம்பை.

இதன் முதல் விளைவு, ஒரே தனிமம் செல்லுக்கு வெவ்வேறு பொருளாகத் தெரியும் என்பது. குளோரின் வாயு நுரையீரலை அரிக்கும் நஞ்சு. 1915இல் ஈப்ரே போர்முனையில் அதைத்தான் ஆயுதமாக்கினார்கள். அதே குளோரின் ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்றுக் குளோரைடு அயனியானால், நம் இரத்த நீர்மத்தில் லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல் அளவில் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் பொருள். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு இரண்டு நேர்மின்சுமையோடு இருக்கும்வரை ஆக்சிஜனைச் சுமக்கும். இன்னும் ஓர் எலக்ட்ரானை இழந்து மூன்று நேர்மின்சுமை பெற்றால் சுமக்காது. நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரைக் குடிக்கும் கைக்குழந்தைகள் நீலம் பாரிப்பது இதனால்தான். அங்கே இரும்பு குறையவில்லை, இரும்பின் ஓர் எலக்ட்ரான் குறைந்தது. நைட்ரஜனும் அப்படியே. காற்றில் 78 விழுக்காடு அது இருந்தும், இரண்டு நைட்ரஜன் அணுக்களைப் பிணைக்கும் மும்மைப் பிணைப்பை உடைக்க முடியாமல் பெரும்பாலான உயிரினங்கள் நைட்ரஜன் பற்றாக்குறையில் வாழ்கின்றன. தனிமத்தின் பெயரை மட்டும் சொன்னால் இம்மூன்றில் ஒன்றும் விளங்காது.

இரண்டாவது விளைவு இதைவிட நுட்பமானது. இதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நம் செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், வெளியே 4 அல்லது 5. சோடியம் இதற்கு நேர்மாறு: வெளியே 145, உள்ளே பத்துக்குச் சற்று மேல். நரம்பின் துடிப்பும் இதயத்தின் துடிப்பும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நடக்கின்றன. ஆகவே செல் சவ்வில் பொட்டாசியத்தை விட்டுச் சோடியத்தை நிறுத்தும் கால்வாய்ப் புரதங்கள் வேண்டும். இரண்டும் தனிம அட்டவணையில் ஒரே தொகுதி, இரண்டுக்கும் ஒரே நேர்மின்சுமை. பொட்டாசியம் அயனியின் ஆரம் சுமார் 138 பிக்கோமீட்டர், சோடியத்தினுடையது 102. பெரியது போகும் துளையில் சிறியது தாராளமாகப் போகவேண்டும் அல்லவா? போவதில்லை. பத்தாயிரம் பொட்டாசியம் கடக்கும்போது ஒரு சோடியம் கடந்தால் அதிகம். 1998இல் ரோடரிக் மெக்கின்னனின் குழு ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் கால்வாயை எக்ஸ் கதிர்ப் படிகவியலால் படம்பிடித்தபோது காரணம் தெரிந்தது. 2003இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நீரில் எந்த அயனியும் தனியாக இல்லை, நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து பிடித்திருக்கின்றன. கால்வாயின் குறுகிய பகுதிக்குள் நுழைய அந்த நீரைக் கழற்றிவிட வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். அங்கே புரதத்தின் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக உள்நோக்கி நிற்கின்றன. பொட்டாசியம் அளவுள்ள அயனிக்கு அவை நீர் இருந்த அதே தொலைவில் இருந்து ஈடு செய்கின்றன. சோடியம் அவற்றுக்கு எட்டாத அளவு சிறியது. நீரை இழந்ததற்கு அதற்கு ஈடு கிடைக்காது. இந்த விளக்கத்தின் நுணுக்கங்களைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் உண்டு என்றாலும், தேர்வு நடப்பது அளவாலும் மின்சுமையாலும் என்பதில் ஐயமில்லை.

இதற்குச் சான்றாகத் தாலியத்தைக் காட்டலாம். அது பொட்டாசியத்தின் குடும்பமே இல்லை. அட்டவணையின் மறுகோடியில், ஈயத்துக்குப் பக்கத்தில், பதின்மூன்றாம் தொகுதியில் இருக்கும் கன உலோகம். ஆனால் அது ஓர் எலக்ட்ரானை இழந்த நிலையில் அதன் ஆரம் சுமார் 150 பிக்கோமீட்டர், பொட்டாசியத்துக்கு மிக அருகில். விளைவு என்ன? ஒரே தொகுதியைச் சேர்ந்த சோடியத்தைத் திருப்பி அனுப்பும் கால்வாய், எங்கோ இருக்கும் தாலியத்தை உள்ளே விடுகிறது. அதனால்தான் தாலியம் கொடிய நஞ்சு. அதனாலேயே அது மருத்துவக் கருவியும் ஆயிற்று: உயிரோடிருக்கும் இதயத் தசை பொட்டாசியத்தை இழுத்துக்கொள்ளும் வழியிலேயே தாலியம்-201ஐயும் இழுத்துக்கொள்வதால், மிகச் சிறிய அளவு செலுத்திக் கதிர்வீச்சுப் படம் எடுத்தால் இரத்தம் சரியாகப் போய்ச் சேராத பகுதி தனியே தெரியும். அட்டவணையில் உறவு எது என்று மனிதர்கள் எழுதியதைச் செல் படிப்பதில்லை.

மூன்றாவது, ஐசோடோப்புகள். புரோட்டான் எண்ணிக்கை ஒன்றாகவும் நியூட்ரான் எண்ணிக்கை வேறாகவும் இருக்கும் அணுக்கள் இவை. வெளிக்கூடு ஒன்றே என்பதால் செல்லால் இவற்றைப் பிரித்தறிய முடியாது என்று நம் கூற்று சொல்கிறது. இருபதாம் நூற்றாண்டு உயிரியலின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகள் பல இந்த இயலாமையின் மேல் கட்டப்பட்டவை. ஜார்ஜ் டி ஹெவெசி மான்செஸ்டரில் ரூதர்போர்டின் ஆய்வகத்தில் கதிரியக்க ஈயத்தைச் சாதாரண ஈயத்திலிருந்து பிரிக்க முயன்று தோற்றார். வேதியியலால் பிரிக்கவே முடியாது என்றால், கதிரியக்க ஈயம் போகும் இடமெல்லாம் சாதாரண ஈயமும் போகும் என்று அவர் அந்தத் தோல்வியைத் திருப்பிப் போட்டார். 1923இல் அவரைச் செடியின் வேரிலிருந்து இலைவரை ஈயம் ஏறும் வழியைக் கதிரியக்கத்தால் தொடர்ந்தார். தடங்காட்டி முறை அங்கே உயிரியலுக்குள் வந்தது. 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் கன நைட்ரஜன்-15 ஊட்டி வளர்த்த பாக்டீரியாவைச் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றி, டிஎன்ஏ இரட்டிக்கும்போது பழைய இழை ஒன்றும் புதிய இழை ஒன்றும் சேர்கின்றன என்று நிறுவினார்கள். பாக்டீரியாவுக்குத் தெரியாத எடை வேறுபாட்டை மையவிலக்கு எந்திரம் தெரிந்துகொண்டது. அவ்வளவுதான் அந்த ஆய்வின் சூட்சுமம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும், எழவேண்டும். ஹைட்ரஜனின் கன ஐசோடோப்பான டியூட்டீரியம் சேர்ந்த கனநீர், அதிகமானால் உயிரைக் கொல்கிறது. பாலூட்டிகளின் உடல்நீரில் ஏறக்குறைய பாதி கனநீராக மாறினால் அவை பிழைப்பதில்லை. அப்படியானால் செல் ஐசோடோப்பைப் பிரித்தறிகிறது என்றுதானே பொருள்? உண்மைதான், ஆனால் எப்படி அறிகிறது என்று பாருங்கள். டியூட்டீரியத்தின் நிறை ஹைட்ரஜனைப்போல் இரு மடங்கு; வேறெந்தத் தனிமத்தின் நிலையான ஐசோடோப்புகளிலும் விகிதம் இவ்வளவு பெரிதாக இல்லை. கனமான அணு பிணைப்பில் மெதுவாக அதிரும். அந்தப் பிணைப்பை உடைக்கக் கூடுதல் ஆற்றல் வேண்டும். என்சைம் வினைகள் ஒன்றுக்கொன்று வேக இசைவு இழக்கின்றன. ஆகவே செல் இங்கும் உணர்வது பிணைப்பின் உறுதியைத்தான். கார்பனில் நிறை விகிதம் 12க்கு 13 மட்டுமே என்பதால் வேறுபாடு ஆயிரத்தில் சில பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆனாலும் அது மறைவதில்லை. ஒளிச்சேர்க்கையில் கார்பனைப் பிடிக்கும் முறையை வைத்துத் தாவரங்களை சி3, சி4 என்று பிரிப்பார்கள். நெல் போன்ற சி3 தாவரங்கள் கார்பன்-13ஐக் கூடுதலாக ஒதுக்குகின்றன. கரும்பும் சோளமும் போன்ற சி4 தாவரங்கள் அந்த அளவுக்கு ஒதுக்குவதில்லை. தேனீக்கள் நாடும் பூக்கள் பெரும்பாலும் சி3 வகை என்பதால், தேனில் கரும்புச் சர்க்கரையைக் கலந்திருந்தால் கார்பன்-13 விகிதம் காட்டிக்கொடுத்துவிடும். (அரிசியிலிருந்து எடுத்த பாகைக் கலந்தால் இந்தச் சோதனை உதவாது, அதுவும் சி3தான்.) இந்த மறுப்பு என் கூற்றைத் தகர்க்கவில்லை, ஆனால் திருத்துகிறது: ஐசோடோப்புகள் செல்லுக்கு முற்றிலும் ஒன்றல்ல, நிறை விகிதம் எவ்வளவோ அவ்வளவுக்கு வேறு.

அணுக்கருவுக்கு உயிரில் வேலையே இல்லையா என்று இன்னொருவர் கேட்கலாம். அதற்கு 1951இல் ஹெர்ஷியும் அவருடைய கூட்டாளிகளும் செய்த ஆய்வு விடை சொல்கிறது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் டிஎன்ஏவில் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32ஐ நிறைய ஏற்றினார்கள். வைரஸ் அதைச் சாதாரணப் பாஸ்பரஸாகவே எடுத்துக்கொண்டு இழையில் கோத்துக்கொண்டது. நாட்கள் செல்லச் செல்ல வைரஸ்கள் செயலிழந்தன. பாஸ்பரஸ்-32இன் அரை ஆயுள் 14.3 நாள். சிதையும் கணத்தில் அதன் நியூட்ரான் ஒன்று புரோட்டானாகிறது, பாஸ்பரஸ் கந்தகமாகிவிடுகிறது. கந்தகத்தால் அந்த இடத்தில் அதே பிணைப்புகளைப் போட்டு நிற்க முடியாது, இழை அறுகிறது. அணுக்கருவின் எண் மாறிய பின், வெளிக்கூடு மாறும்போதுதான் உயிர் அதை உணர்கிறது. அதற்கு ஒரு கணம் முன்புவரை, வரப்போவது தெரியாமல் அந்த அணு பாஸ்பரஸாகவே நடத்தப்பட்டது.

பாஸ்பரஸைத் தொட்டதால் இந்த உரையின் முதன்மையான சான்றுக்கு வருகிறேன். தனிம அட்டவணையில் பாஸ்பரஸுக்கு நேர் கீழே ஆர்சனிக். இரண்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்கும் பாஸ்பேட்டும் ஆர்சனேட்டும் வடிவில், மின்சுமையில், அமிலத் தன்மையில் ஏறக்குறைய ஒன்றே. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் நிலத்தடி நீரில் உள்ள ஆர்சனிக் கோடிக்கணக்கான மக்களின் துயரமாக இருப்பதை அறிவீர்கள். ஆர்சனேட் பாஸ்பேட்டின் வாயில் வழியாகவே செல்லுக்குள் நுழைகிறது. குளுக்கோஸ் சிதைவில் பாஸ்பேட் சேர வேண்டிய ஒரு படியில் என்சைம் ஏமாந்து ஆர்சனேட்டைச் சேர்த்துவிடுகிறது. வினை நடக்கிறது, ஆனால் உருவான பொருள் நீர் பட்டதும் தானாகவே பிரிந்துவிடுகிறது. அங்கே கிடைக்க வேண்டிய ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு கிடைப்பதில்லை. வாயிலில் ஏமாற்றிய ஆர்சனிக் பிணைப்பில் பிடிபடுகிறது என்று சொல்லலாம், ஆனால் அதற்குள் சேதம் நடந்துவிடுகிறது. ஆர்சனிக்–ஆக்சிஜன் பிணைப்பு பாஸ்பரஸ்–ஆக்சிஜன் பிணைப்பைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு நீளம். அந்தச் சிறு வேறுபாட்டோடு வருகிறது உறுதிக் குறைவு. டிஎன்ஏவின் பாஸ்பேட் இணைப்பு ஒன்று என்சைம் உதவியின்றி நீரால் அறுபடக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிடுகிறார்கள். அதே இடத்தில் ஆர்சனேட் இருந்தால் ஒரு வினாடிகூடத் தாங்காது. இயற்கை ஏன் பாஸ்பேட்டைத் தேர்ந்தது என்று 1987இல் பிராங்க் வெஸ்ட்ஹைமர் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது. பாஸ்பேட் இரண்டு அலகுகளை இணைத்த பிறகும் ஓர் எதிர்மின்சுமையை மிச்சம் வைத்திருக்கிறது. அதுவே அறுக்க வரும் நீரைத் தள்ளி நிறுத்துகிறது, சவ்வைத் தாண்டி மூலக்கூறு கசியாமலும் காக்கிறது.

2010இல் இதற்கு மாறான செய்தி உலகெங்கும் பரவியது. கலிபோர்னியாவின் மோனோ ஏரியிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்சனிக்கைத் தன் டிஎன்ஏவில் வைத்து வாழ்கிறது என்று ‘சயன்ஸ்’ இதழ் ஒரு கட்டுரையை வெளியிட்டது. மேலே சொன்ன பிணைப்பு உறுதியை அறிந்த வேதியியலாளர்கள் உடனே ஐயம் கொண்டார்கள். 2012இல் ரோஸ்மேரி ரெட்ஃபீல்டின் குழு உள்ளிட்ட ஆய்வாளர்கள் மறுபடி சோதித்துப் பார்த்தபோது டிஎன்ஏவில் ஆர்சனிக் கோக்கப்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. வளர்ப்புக் கரைசலில் மாசாகக் கலந்திருந்த மிகச் சிறிதளவு பாஸ்பேட்டே அந்த உயிருக்குப் போதுமாயிருந்தது. பாஸ்பேட்டைப் பிடிக்கும் அதன் புரதம், ஆர்சனேட் வெள்ளமாக இருந்தாலும் பாஸ்பேட்டையே ஆயிரக்கணக்கான மடங்கு விரும்பிப் பிடித்தது. கட்டுரையாளர்கள் உடன்படாத நிலையிலும் 2025இல் இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. முதலாண்டு வேதியியல் அறிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

உயிர் தன்னைச் சுற்றிக் கிடைத்ததை எடுத்துக்கொண்டது, இதில் தேர்வென்ன இருக்கிறது என்போரும் உண்டு. புவி ஓட்டில் எடைப்படி ஆக்சிஜனுக்கு அடுத்து மிகுதியானது சிலிக்கான், சுமார் 28 விழுக்காடு, அலுமினியம் 8. கார்பன் ஒரு விழுக்காட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கிடைத்ததை எடுத்திருந்தால் நாம் சிலிக்கானாலும் அலுமினியத்தாலும் ஆகியிருப்போம். அலுமினியத்துக்கு உயிரில் ஒரு பணியும் இதுவரை தெரியவில்லை. மிக அரிதான மாலிப்டினமோ நைட்ரஜனை நிலைநிறுத்தும் என்சைமின் நடுவில் இருக்கிறது. கார்பன் தன்னோடு தான் போடும் பிணைப்பும் ஆக்சிஜனோடு போடும் பிணைப்பும் வலிமையில் ஏறக்குறைய சமம். ஆகவே சங்கிலி நீளவும் முடியும், மாறவும் முடியும். சிலிக்கான் ஆக்சிஜனோடு சேர்வதில் கிடைக்கும் வலிமை தன்னோடு சேர்வதில் இல்லை; ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் அது மணலாகத்தான் போய் முடியும். நெற்பயிர் சிலிக்கானை மண்ணிலிருந்து ஏராளமாக எடுத்துக்கொள்கிறது, உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவே. ஆனால் பயிர் அதைக் கவசமாக அடுக்கி வைக்கிறதே ஒழிய, வளர்சிதை மாற்றத்தில் இறக்குவதில்லை. அந்த நெல்லின் வேரிலேயே நம் கூற்றுக்கு மற்றொரு சான்றும் உண்டு. நீர் கட்டிய வயலில் ஆர்சனிக், ஆர்சனைட்டாக மாறுகிறது. மின்சுமையற்ற அந்த மூலக்கூறு சிலிசிக் அமிலத்தை அளவில் ஒத்திருப்பதால், சிலிக்கானுக்கான வாயில் வழியாகவே வேருக்குள் நுழைந்து அரிசிவரை போகிறது. ஒரே ஆர்சனிக் ஒரு வடிவில் பாஸ்பேட்டாகவும் மறு வடிவில் சிலிக்கானாகவும் ஏமாற்றுகிறது.

கால்சியத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் பற்றி விரிக்கத் தேவையில்லை. கதை அதேதான், இரட்டை நேர்மின்சுமையும் நெருங்கிய அளவும். ஆனால் அதன் வரலாற்றுப் பயனைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958 முதல் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைத் திரட்டினார்கள். சுமார் 3 லட்சம் பற்கள் சேர்ந்தன. அணுகுண்டுச் சோதனைகளின் ஸ்ட்ரான்ஷியம்-90, புல், பசு, பால் என்று வந்து கால்சியத்தின் இடத்தில் குழந்தைகளின் பல்லில் படிந்திருந்தது. 1963இல் வளிமண்டல அணுசோதனைத் தடை ஒப்பந்தத்துக்கு ஆதரவு திரள அந்தப் பற்களும் உதவின.

இறுதியாக, உயிரை அணுக்களாகச் சுருக்குவது உயிரியலை இழப்பதாகாதா என்ற கேள்வி. அரிசியின் மாவுப் பொருளும் வைக்கோலின் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸால் ஆனவை. இணைப்பின் திசை மட்டும் வேறு. ஒன்று நமக்குச் சோறு, மற்றொன்றை மாடு தன் வயிற்று நுண்ணுயிர்களின் துணையோடுதான் செரிக்கிறது. ஆகவே அணுவை அறிந்தால் உயிர் முழுவதும் விளங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. அடுக்கும் அமைப்பும் பரிணாமமும் தம் வேலையைச் செய்கின்றன. எந்த அடுக்கு நிற்கும், எது நிற்காது என்ற எல்லையை அணு வகுக்கிறது. அந்த எல்லையை மீறிய உயிர் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

செல்லின் இந்த அறியாமையை மருத்துவம் நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறது. 1986இல் செர்னோபில் விபத்துக்குப் பின் போலந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சாதாரண அயோடின் மருந்து கொடுத்தது. தைராய்டு சுரப்பிக்கு அயோடின்-127க்கும் அயோடின்-131க்கும் வேறுபாடு தெரியாது. முன்னதால் நிறைந்துவிட்டால் பின்னதை அதிகம் ஏற்காது. 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில் கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியிலிருந்து சீசியம்-137 கசிந்து நால்வர் இறந்தபோது, பாதிக்கப்பட்டோருக்குப் பிரஷ்யன் நீலம் என்ற நிறமியை உண்ணக் கொடுத்தார்கள். அதன் படிகக் கூடு சீசியம் அளவுள்ள ஒற்றை மின்சுமை அயனிகளைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும். சீசியம் உடலில் பாதியாகக் குறைய ஆகும் காலம் சுமார் 110 நாளிலிருந்து 30 நாளாகக் குறையும். தாலிய நஞ்சுக்கும் அதே மருந்துதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாடநூலில் ஒரு தனிமத்தின் பெயர் வரும் இடமெல்லாம் அதன் அயனி ஆரத்தையும் மின்சுமையையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். அந்த இரண்டு எண்களிலும் அதனோடு ஒத்துப்போகும் வேறு தனிமம் எது என்று அட்டவணையில் தேடுங்கள். அது உடலுக்குள் வந்தால் எந்த வாயில் வழியாக நுழையும், எங்கே போய்த் தங்கும், எந்தப் பிணைப்பில் தவறும் என்று வகுப்பில் உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.